லண்டன் பேங்க் ஸ்டேஷன் ஏன் இவ்ளோ சிக்கலா இருக்கு? அம்மாவோட போகணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஃபேர்லேண்ட்ஸ் ப்ரியா:
வணக்கங்க. அடுத்த மாசம் அம்மாவ கூட்டிட்டு லண்டன் போறோம், தம்பி வீடு ஈஸ்ட் ஹாம்ல. அம்மாவுக்கு ஹைகேட் முருகன் கோயில் பாத்தே ஆகணுமாம். வீட்டு பக்கத்துலயே ஒரு முருகன் கோயில் இருக்கும்மான்னு தம்பி சொல்லி பாத்துட்டான், அதுக்கும் போலாம் இதுக்கும் போலாம்ங்கறாங்க. தம்பி சொல்ற ரூட்டு, டிஸ்ட்ரிக்ட் லைன்ல மான்யூமென்ட் வந்து இறங்கி, வெளிய வராம உள்ளுக்குள்ளயே நடந்து பேங்க் ஸ்டேஷன் போய், அங்க நார்தர்ன் லைன் ஏறணும். நெட்ல அந்த ஸ்டேஷனோட உள் படத்த பாத்தேன், தலையே சுத்திடுச்சு, குழாய் குழாயா ஒண்ணு மேல ஒண்ணு போகுது. அம்மாவுக்கு மூட்டு வலி வேற. அங்க இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க, நடக்கற தூரம் எவ்ளோ, படி இருக்கா, அப்புறம் ஒரு ஸ்டேஷனுக்கு எதுக்கு ரெண்டு பேரு?

கொண்டலாம்பட்டி கோபி:
முருகன பாக்கணும்னா நம்ம சேலத்து குமரகிரி கோயில் ஏறுங்கக்கா, விசா செலவு மிச்சம் 😄

ஏற்காடு காஃபி:
பயப்படாதீங்க. அங்க எல்லாமே பிளான் பண்ணி கட்டினது, போர்ட பாத்துட்டே போனா போதும். நம்ம ஊர் மாதிரி இன்னைக்கி ரோடு போட்டு நாளைக்கி தோண்டற கதையெல்லாம் அங்க கெடையாது.

குமாரு அம்மாபேட்டை:
காஃபி அண்ணா மன்னிச்சுக்கங்க, மத்த ஸ்டேஷன பத்தி சொல்லியிருந்தா கூட விட்டுருப்பேன், பேங்க்க போய் பிளான் பண்ணி கட்டினதுன்னு சொல்லிட்டீங்களே. நான் இங்க வந்து பல வருசம் ஆச்சு, தினம் அது வழியாதான் வேலைக்கு போறேன், ரயில் கிறுக்கு வேற புடிச்சிருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமை இருக்கறவங்க படிங்க.

அந்த எடத்துல அஞ்சு ரயில்பாதை சேருது, அஞ்சும் வேற வேற ஆளுங்க வேற வேற காலத்துல போட்டது. ஒருத்தருக்கும் இன்னொருத்தர் கூட சேந்து ஸ்டேஷன் கட்டணும்னு எண்ணமே இல்ல, சொல்லப்போனா ஒருத்தனுக்கு ஒருத்தன் போட்டி. மொதல்ல வந்தது மான்யூமென்ட், 1884 அக்டோபர்ல தொறந்தாங்க, அப்ப அதுக்கு ஈஸ்ட்சீப்னு பேரு, ஒரே மாசத்துல மான்யூமென்ட்னு மாத்திட்டாங்க. அது ரோட்ட வெட்டி, பாதைய போட்டு, மேல மூடின வகை, அதனால ஆழம் கம்மி, கொஞ்சம் படி ஏறினா தெருவுல நிக்கலாம்.

அடுத்து 1898ல வாட்டர்லூ அண்ட் சிட்டி. வாட்டர்லூங்கற பெரிய ரயில் ஸ்டேஷன்ல இறங்கற ஆபீஸ்காரங்கள தேம்ஸ் ஆத்துக்கு இந்த பக்கம் கொண்டுவந்து விடறதுக்குன்னே போட்ட லைன், நடுவுல ஒரு ஸ்டாப்பு கூட கெடையாது. ஸ்டேஷனுக்கு சிட்டின்னுதான் பேரு, 1940லதான் அத பேங்க்னு மாத்தினாங்க. அந்த லைன் 1994 வரைக்கும் பிரிட்டிஷ் ரயில் கையிலதான் இருந்துச்சு, மெட்ரோகாரன்கிட்ட குடுத்த வெலை ஒரே ஒரு பவுண்டு!

1900 பிப்ரவரில சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே வருது, இன்னைக்கி நார்தர்ன் லைன்ல இருக்கறது அதுதான். அதே வருசம் ஜூலைல சென்ட்ரல் லண்டன் ரயில்வே, இன்னைக்கி சென்ட்ரல் லைன். ஆறு மாசத்துக்குள்ள ரெண்டு கம்பெனி ஒரே முக்குல வந்து குழி தோண்டி ஒக்காந்துருச்சு, ஆளுக்கு ஒரு வாசல் ஆளுக்கு ஒரு டிக்கெட் ஹால். அஞ்சாவதா டி.எல்.ஆர்ங்கற டாக்லேண்ட்ஸ் லைட் ரயில், அது 1991ல வந்தது, எல்லாத்துக்கும் அடியில கிட்டத்தட்ட 40 மீட்டர் ஆழத்துல.

ப்ரியாக்கா கேட்ட ரெண்டு பேரு சமாச்சாரம் இதுதான். பேங்க்கும் மான்யூமென்ட்டும் வேற வேற ஸ்டேஷனாத்தான் இருந்துச்சு, 1933 செப்டம்பர்லதான் நடுவுல எஸ்கலேட்டர் வழி போட்டு இணைச்சாங்க.

ஃபேர்லேண்ட்ஸ் ப்ரியா:
அண்ணா செம. ஆனா ஏன் எல்லாரும் அந்த ஒரே முக்குல வந்து முட்டிக்கணும்? வேற எடமே இல்லையா?

குமாரு அம்மாபேட்டை:
நம்ம சேலம் ஐந்து ரோடு முக்கு எப்படியோ அப்படி, ஆனா அங்க ஒம்போது தெரு வந்து சேருது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு பக்கம், மேயர் இருக்கற மேன்ஷன் ஹவுஸ் ஒரு பக்கம், பழைய ராயல் எக்ஸ்சேஞ்ச் ஒரு பக்கம். பணம் பூரா அங்க, வேலைக்கு வர்ற கூட்டம் பூரா அங்க. ரயில் கம்பெனி வேற எங்க போவான்.

சூரமங்கலம் மூணாவது பிளாட்பாரம்:
தம்பி நல்லா சொன்னீங்க, இன்னொரு காரணமும் இருக்கு. நான் ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவன். 1846லயே ஒரு ராயல் கமிஷன் போட்டு, பெரிய ரயில் எதுவும் லண்டன் நடு ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு முடிவு சொல்லிட்டாங்க. பேடிங்டன், யூஸ்டன் எல்லாம் அதுக்கு முன்னாடியே ஊர் ஓரத்துல வந்துருச்சு, அப்புறம் வந்த கிங்ஸ் கிராஸ் மாதிரி ஸ்டேஷனும் அதே மாதிரி ஓரமாவே நின்னுருச்சு. ஓரத்துல இறங்கின ஜனம் நடுவுக்கு போகணுமே, குதிர வண்டி நெரிசல்ல ரோடே நகராது, அப்பதான் பூமிக்கு அடியில போலாம்னு யோசன வந்தது. மொதோ பாதாள ரயில் 1863 ஜனவரில ஓடுது, அதுவும் நீராவி இஞ்சின் வெச்சு, பொகையோட.

இத படிக்கறப்ப எனக்கு ஒரு சின்ன பெருமை. மெட்ராஸ்ல இருந்து பேப்பூர் வரைக்கும் போன மெட்ராஸ் ரயில்வே லைன் முழுசா முடிஞ்சது 1862 மே மாசம், நம்ம சேலம் அந்த லைன்லதான் இருக்கு. ஆகமொத்தம் லண்டன்காரன் பூமிக்கு அடியில ரயில் ஏறறதுக்கு முன்னாடியே நம்மாளு சேலத்துல ரயில் ஏறிட்டான்.

கொண்டலாம்பட்டி கோபி:
ஐயா அது மட்டுமா, லண்டன் சுரங்கத்துல இருக்கற இரும்பு வளையமெல்லாம் நம்ம கஞ்சமலை இரும்புதான். எங்க தாத்தா சொல்லுவாரு.

சூரமங்கலம் மூணாவது பிளாட்பாரம்:
தாத்தாவுக்கு நமஸ்காரம், ஆனா அது இல்ல. ஹீத்னு ஒரு வெள்ளக்காரர் 1830கள்ல நம்ம சேலத்து இரும்பு தாதுவ எடுத்து பரங்கிப்பேட்டைல உருக்காலை நடத்தினார், அது நெசம், அங்கிருந்து இங்கிலாந்துக்கு இரும்பும் போச்சு. பேங்க் பக்கம் குழாய் தோண்டினது 1890கள்ல, அந்த ஆலைய அதுக்கு ரொம்ப முன்னாடியே மூடியாச்சு. வளையமெல்லாம் அவங்க ஊர்லயே வார்த்த வார்ப்பிரும்பு.

கொண்டலாம்பட்டி கோபி:
சரிங்க ஐயா, வாட்ஸப் குரூப்ல இத சொல்லாம பாத்துக்கறேன் 🙏 அங்க எனக்கு ஒரு மரியாதை இருக்கு

மண்ணுக்குள்ள ஒருத்தன்:
ஓமலூர்காரன், சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலைல சுரங்க பக்கம் இருக்கேன். வளையத்த பத்தி பேச்சு வந்ததால சொல்றேன். லண்டனுக்கு அடியில இருக்கறது கெட்டியான களிமண்ணு, தண்ணி அவ்ளோ சீக்கிரம் ஊறாது, வெட்டினா கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும், குழாய் ரயிலுக்கு அத விட வசதியான மண்ணு கெடைக்காது. கிரேட்ஹெட்னு ஒரு இன்ஜினியர் அதுக்குன்னு ஒரு ஷீல்டு வெச்சு வேல பாத்தார். ஒரு பெரிய இரும்பு உருளை, அதுக்குள்ள ஆளுங்க நின்னு முன்னாடி இருக்கற மண்ண கையால வெட்டுவாங்க, வெட்ட வெட்ட பின்னாடி வார்ப்பிரும்பு துண்டுகள வட்டமா அடுக்கி போல்ட் போட்டு முடுக்குவாங்க, அப்புறம் அந்த வளையத்து மேலயே ஹைட்ராலிக் ஜாக்கி வெச்சு உருளைய முன்னாடி தள்ளுவாங்க. வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்கற சந்துல காத்தழுத்தத்துல சுண்ணாம்பு கலவைய செலுத்தி அடைச்சுடுவாங்க. இன்னைக்கி நாங்க ஓட்டற டிபிஎம்ங்கற சுரங்கம் தோண்டற மிஷினுக்கும் அடிப்படை அதேதான், கையால வெட்டறதுக்கு பதிலா முன்னாடி சுத்தற தட்டு, இரும்புக்கு பதிலா காங்கிரீட் துண்டு. எங்களுக்கு சென்னைல ஒரு பக்கம் மணலு ஒரு பக்கம் பாறை, ரெண்டும் ஒரே வளையத்துல வந்தா அன்னைக்கி தூக்கம் போச்சு.

குமாரு அம்மாபேட்டை:
அண்ணா நீங்க சொன்ன கிரேட்ஹெட் ஷீல்டு ஒண்ணு பேங்க் ஸ்டேஷனுக்குள்ளயே இருக்கு தெரியுமா! வாட்டர்லூ லைன் தோண்டினப்ப உள்ளயே விட்டுட்டு போனது, டி.எல்.ஆருக்கு வழி வெட்டறப்ப 1987ல ஆப்புட்டுச்சு. எடுக்காம அப்படியே விட்டு சேப்பு பெயிண்ட் அடிச்சுட்டாங்க, நடபாதைல சுவத்த ஒட்டி வட்டமா ஒரு தடிமனான இரும்பு வளையம் தெரியும், அதுக்குள்ள பூந்துதான் ஜனம் போகுது. பாதி பேரு போனை பாத்துட்டே போயிடுவாங்க. மேல கார்ன்ஹில் ரோட்டுல கிரேட்ஹெட் சிலையும் இருக்கு, 1994ல வெச்சது, அந்த சிலை பீடமே ஸ்டேஷனுக்கு காத்து போற குழாய மறைக்கறதுக்குதான். பீடத்துல ஜன்னல் மாதிரி கம்பி வலை இருக்கும்.

ஏற்காடு காஃபி:
நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன், தனித்தனியா கட்டினாங்க சரி, கோணல் மாணலா எதுக்கு கட்டணும்? சென்ட்ரல் லைன் பிளாட்பாரத்து போட்டோ பாத்தேன், வாழைப்பழம் கணக்கா வளைஞ்சு கெடக்கு.

குமாரு அம்மாபேட்டை:
அது சட்டமும் காசும் பண்ணின வேல. ஒருத்தர் கட்டடத்துக்கு அடியில போகணும்னா அவருக்கு காசு குடுக்கணும், ரோட்டுக்கு அடியில போனா அந்த தொல்ல இல்ல. அதனால மேல தெரு எப்படி திரும்புதோ அதே மாதிரி கீழ குழாயும் திரும்பிடும். பேங்க் ஆஃப் இங்கிலாந்து தங்க அறைக்கு பயந்துகிட்டு வளைச்சாங்கன்னு கதை சொல்லுவாங்க, கேக்க நல்லாருக்கும், ஆனா பெரிய காரணம் தெருவுதான். அந்த பிளாட்பாரத்துல இந்த கோடியில நின்னா அந்த கோடி தெரியாது. ரயில் பெட்டி நேரா இருக்கும், பிளாட்பாரம் வளைவு, நடுவுல சந்து விழும், அதனாலதான் சந்த பாத்து ஏறுங்கன்னு மைக்ல கத்திட்டே இருப்பாங்க. அம்மாவ கூட்டிட்டு அந்த பக்கம் போகவே வேணாம்.

அதே காசு கதைதான் சர்ச்சும். சிட்டி அண்ட் சவுத் லண்டன் கம்பெனி பேங்க்ல ஸ்டேஷன் கட்ட நெலம் தேடினப்ப செயின்ட் மேரி வூல்நாத்னு ஒரு பழைய சர்ச்சு அங்க இருந்துச்சு, ஹாக்ஸ்மூர்ங்கற கட்டடக்கலை நிபுணர் கட்டினது, 1727ல முடிஞ்சது. மொதல்ல அத இடிச்சுடலாம்னுதான் பாத்தாங்க, ஜனம் சண்டைக்கு வந்துருச்சு. கடைசில சர்ச்ச விட்டுட்டு அதுக்கு அடியில இருந்த கல்லறை அறைய மட்டும் எடுத்துகிட்டாங்க. பொணங்கள எல்லாம் வேற எடத்துக்கு மாத்தி, சுவருக்கு அடியில இரும்பு உத்தரம் குடுத்து தாங்கி, அந்த அறைல டிக்கெட் ஹால் போட்டு, அங்கிருந்து கீழ லிஃப்ட் குழி எறக்கினாங்க. அடிமை கப்பல் கேப்டனா இருந்து அப்புறம் மனசு மாறி பாதிரியார் ஆன ஜான் நியூட்டன் அங்கதான் பொதைச்சிருந்தாங்க, அவரையும் தோண்டி எடுத்து 1893ல ஓல்னிங்கற ஊருக்கு கொண்டு போய்ட்டாங்க. மேல இன்னமும் பூசை நடக்குது, கீழ ரயில் ஓடுது.

சூரமங்கலம் மூணாவது பிளாட்பாரம்:
அந்த கம்பெனிக்கு பேங்க்குக்கு முன்னாடி வேற ஒரு ஸ்டேஷன் இருந்ததே தம்பி, கிங் வில்லியம் தெருவுல. அத சொல்லாம விட்டா எப்படி.

குமாரு அம்மாபேட்டை:
அதுக்குத்தான் வரேன் ஐயா. 1890ல அந்த கம்பெனி தொறந்தப்ப அதுதான் கடைசி ஸ்டாப்பு. உலகத்துலயே ஆழமான குழாய்ல மின்சாரத்துல ஓடின மொதோ ரயில் அது. ஆனா அவங்க மொதல்ல நெனச்சது மின்சாரம் இல்ல, கம்பி கயிறு கட்டி இழுக்கற முறை. அதுக்கு தகுந்த மாதிரி குழாய் தோண்டி ஸ்டேஷனும் கட்டி வெச்சுட்டாங்க, நடுவுல கயிறு போட வேண்டிய கம்பெனி திவால். மின்சார இஞ்சினுக்கு மாறினாங்க, பாத்தா ஸ்டேஷனுக்கு வர்ற வழில செங்குத்து ஏத்தமும் வளைவும், சின்ன இஞ்சின் திணறுது, சமயத்துல ஏற முடியாம பின்னாடி போய் மறுபடி ஓடி வரணும். பத்து வருசம் கூட முழுசா ஓடல, 1900ல பேங்க் தொறந்த அன்னைக்கே அத மூடிட்டாங்க. ரெண்டாம் உலகப் போர்ல குண்டுக்கு ஒளியற எடமா பயன்பட்டுச்சு.

மண்ணுக்குள்ள ஒருத்தன்:
அந்த ரயில் பெட்டிகளுக்கு பெரிய ஜன்னலே கெடையாது, குழாய்ல பாக்கறதுக்கு என்ன இருக்குன்னு விட்டுட்டாங்க. மேல கூரைய ஒட்டி சின்ன கீத்து மாதிரி கண்ணாடி மட்டும். பஞ்சு மெத்த வெச்ச பைத்தியக்கார அறைன்னு ஜனம் கிண்டல் பண்ணிச்சு.

ஃபேர்லேண்ட்ஸ் ப்ரியா:
போர்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, பேங்க்ல குண்டு விழுந்துச்சுன்னு எங்கயோ படிச்சேனே?

குமாரு அம்மாபேட்டை:
ஆமாங்கக்கா, 1941 ஜனவரி 11. சென்ட்ரல் லைன் டிக்கெட் ஹால் ரோட்டுக்கு நேர் அடியில இருக்கு, நெலம் வெலை கொடுமைல மேல கட்டடமே கட்டாம ரோட்டுக்கு கீழ போட்ட ஹால் அது, தலைக்கு மேல ரோட்டு தளம் மட்டும்தான். குண்டு ரோட்ட தொளச்சுகிட்டு ஹாலுக்குள்ள வெடிச்சுது, வெடிச்ச காத்து எஸ்கலேட்டர் வழியா நேரா பிளாட்பாரத்துக்கு எறங்கிருச்சு. குண்டுக்கு பயந்து கீழ படுத்திருந்த ஜனம் உள்பட அம்பது பேருக்கு மேல செத்தாங்க. முக்கு பூரா ஒரே பள்ளம், ராணுவம் வந்து குறுக்க பாலம் போட்டுதான் வண்டி விட்டாங்க.

ஏற்காடு காஃபி:
இவ்ளோ தெரிஞ்சும் ஏன் மொத்தமா மூடிட்டு ஒழுங்கா புதுசா கட்டல? காசு இல்லாத ஊரா அது.

குமாரு அம்மாபேட்டை:
மொத்தமா மூடினா அந்த ஏரியாவே நின்னுரும். ஆனா பாதி வேலை பண்ணிட்டாங்க, அதுதான் ப்ரியாக்காவுக்கு இப்ப ஒதவப்போகுது. 2022 ஜனவரி 15ல இருந்து மே 16 வரைக்கும் நார்தர்ன் லைன்ல கென்னிங்டனுக்கும் மூர்கேட்டுக்கும் நடுவுல ரயில நிறுத்திட்டாங்க. தெக்கு பாத்து போற ரயிலுக்கு 570 மீட்டர் புது குழாயும் புது பிளாட்பாரமும் தோண்டி ரெடியா வெச்சிருந்தாங்க, அந்த நாலு மாசத்துல பழைய தடத்த மூடி புதுசுல சேத்தாங்க. பழைய பிளாட்பாரமும் அதோட தண்டவாள பள்ளமும் சேந்து இப்ப அகலமா நடக்கற கூடம் ஆயிருச்சு, ரெண்டு பக்க ரயிலுக்கும் நடுவுல. முன்னாடி அங்க காலைல எட்டரைக்கு நின்னவனுக்குத்தான் தெரியும், மூச்சு விட எடம் இருக்காது, தோள் இடிக்காம நகர முடியாது. அப்புறம் சென்ட்ரல் லைனுக்கு போக நகரும் நடபாதை, புது எஸ்கலேட்டர், 2023 பிப்ரவரில கேனன் ஸ்ட்ரீட் பக்கம் புது வாசல், அதுல லிஃப்ட்.

மண்ணுக்குள்ள ஒருத்தன்:
அந்த குழாய் டிபிஎம் ஓட்டி தோண்டினது இல்ல. சின்ன எக்ஸ்கவேட்டர் வெச்சு கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, ஒடனே சுவத்துல காங்கிரீட்ட பீச்சி அடிச்சு கெட்டி பண்ற முறை. பக்கத்துல ஓடற ரயிலு, மேல நூத்துக்கணக்கான வருசத்து கட்டடம், வழில கட்டடங்களோட அஸ்திவார பைல் தூணு வேற குறுக்க நிக்கும், அத கையால அறுத்து எடுக்கணும். எங்க சீஃப் அந்த வேலைய பத்தி பேசினா மட்டும் சத்தமே கொறஞ்சு பயபக்தியா பேசுவார்.

ஏற்காடு காஃபி:
அப்ப நான் சொன்னது சரிதானே, கடைசில பிளான் பண்ணித்தான் சரி பண்ணாங்க.

குமாரு அம்மாபேட்டை:
நூத்தி இருவது வருசம் கழிச்சு 😑

ப்ரியாக்காவுக்கு உள்ள எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். கிங் வில்லியம் தெரு வடக்கு தெக்கா போகுதுன்னு வெச்சுக்கங்க. வடக்கு கோடி பேங்க் முக்கு, அங்க சென்ட்ரல் லைன். தெக்கு கோடி மான்யூமென்ட், டிஸ்ட்ரிக்ட் லைன், மேலாக்க இருக்கு. அந்த தெருவுக்கு அடியிலயே நீளவாக்குல நார்தர்ன் லைன், அதுக்கு நேர் கீழ டி.எல்.ஆர். வாட்டர்லூ லைன் மேக்கால இருந்து வந்து முக்குகிட்ட முடிஞ்சிரும். இந்த அஞ்சுல உங்களுக்கு தெக்கு கோடி மட்டும் போதும், மான்யூமென்ட்ல இறங்கி எஸ்கலேட்டர்ல கீழ வந்தா நார்தர்ன் லைன். சென்ட்ரல் லைன் போர்ட திரும்பி கூட பாக்காதீங்க. எப்பவாச்சும் சென்ட்ரல் லைன் வேணும்னா மைல் எண்ட்லயே மாறிக்கங்க, டிஸ்ட்ரிக்ட் ரயில விட்டு இறங்கி அதே பிளாட்பாரத்துல எதிர்பக்கம் நாலு அடி வெச்சா சென்ட்ரல் லைன்.

படி விசயம், லிஃப்ட் இருக்கறது கேனன் ஸ்ட்ரீட் வாசல்ல இருந்து நார்தர்ன், டி.எல்.ஆருக்கு. மான்யூமென்ட் பிளாட்பாரத்து பக்கம் படி உண்டு.

வெஸ்ட்ஹாம் சாந்தி:
ப்ரியா, நான் தாரமங்கலம், இங்க வெஸ்ட் ஹாம்ல இருக்கேன். ஆம்பளைங்க வரலாறு பேசிட்டே இருக்காங்க, மூட்டு வலின்னு சொன்னத யாரும் கேக்கல. ஈஸ்ட் ஹாம்ல ஏறி மூணே ஸ்டாப்பு, வெஸ்ட் ஹாம்ல இறங்கு, லிஃப்ட் இருக்கு. ஜூபிலி லைன் புடிச்சு லண்டன் பிரிட்ஜ் வா, அங்கயும் லிஃப்ட் இருக்கு, நார்தர்ன் லைன்ல ஹை பார்னெட் போற வண்டியா பாத்து ஏறு, ஹைகேட்ல இறங்கிக்க. மான்யூமென்ட்ல கால் வைக்கவே வேணாம். ஹைகேட்ல மட்டும் லிஃப்ட் கெடையாது, எஸ்கலேட்டர்தான், வெளிய கொஞ்சம் ஏத்தம், அங்க அம்மா கைய புடிச்சுக்க. கோயிலுக்குள்ளயும் சன்னதி மாடில, லிஃப்ட் பத்தி கோயிலுக்கு ஒரு போன் போட்டு கேட்டுக்க.

ஃபேர்லேண்ட்ஸ் ப்ரியா:
அக்கா கோடி புண்ணியம் உங்களுக்கு 🙏🙏 போறது அந்த வழிதான். தம்பிகிட்ட காட்டினேன், வருசக்கணக்கா இருக்கேன் எனக்கு தோணலையேங்கறான். ஆனா குமார் அண்ணா எழுதினத அம்மாகிட்ட படிச்சு காட்டினதுல இப்ப அவங்களுக்கு அந்த சர்ச்ச பாக்கணுமாம், அடியில ரயில் போறப்ப மேல ஆடுமான்னு கேக்கறாங்க. திரும்பி வர்றப்ப பேங்க்ல இறங்கி பாத்துட்டு வரலாமா? ஞாயித்துக்கெழம போலாம்னு இருந்தோம்.

குமாரு அம்மாபேட்டை:
ஞாயிறு வேணாம்க்கா, அந்த ஏரியாவே ஆபீஸ் ஏரியா, கடையெல்லாம் பாதி மூடி கெடக்கும், வாட்டர்லூ லைனும் ஓடாது. வாரநாள்ல போங்க, பத்து மணிக்கு மேல, சாயங்காலம் நாலரைக்குள்ள கெளம்பிருங்க. லிஃப்ட்ல கேனன் ஸ்ட்ரீட் வாசல்ல வெளிய வந்து, கிங் வில்லியம் தெரு வழியா பேங்க் முக்க பாத்து மெதுவா நடங்க, லம்பார்ட் ஸ்ட்ரீட் திரும்பற மொனையில அந்த சர்ச்சு. ஆடாது, ஆனா அமைதியா ஒக்காந்தா ரயில் போற சத்தம் கேக்கும்னு சொல்றவங்க இருக்காங்க, அம்மாவயே ஒக்காரவெச்சு கேக்க சொல்லுங்க.